கண் காணும் கையும் மூளை அறிந்த கையும்

கை இல்லை, ஆனால் அந்தக் கை வலிக்கிறது. பட்டாசு விபத்தில் முன்கையை இழந்த ஒருவர் இவ்வாறு கூறும்போது வீட்டார் திகைத்துப் போகின்றனர். சிலர் அதை மனப்பிரமை என்று ஒதுக்கிவிடுகின்றனர். வேறு சிலர் மந்திரிக்க அழைத்துச் செல்கின்றனர். நோயாளரோ, இதைச் சொன்னால் தம்மைப் பித்தர் என்பார்களோ என அஞ்சி மருத்துவரிடமும் சொல்வதில்லை. ஆகவே ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறோம். அந்த வலி பொய்யன்று, பிரமையுமன்று. மருத்துவ உலகம் நூற்றைம்பது ஆண்டுகளாக அறிந்த வலி அது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த வீரர்களுக்குச் சிகிச்சையளித்த சைலஸ் வெயர் மிட்செல் என்னும் மருத்துவர் 1871ஆம் ஆண்டில் அதற்கு ‘மாய உறுப்பு’ எனப் பெயரிட்டார்.

எம். புதுப்பட்டி, சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இந்தச் செய்தி தொலைவில் உள்ளதன்று. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த விபத்தையும், 2023 அக்டோபர் 17ஆம் நாள் எம். புதுப்பட்டியை அடுத்த ரெங்கபாளையத்தில் நிகழ்ந்த விபத்தையும் இப்பகுதியில் எவரும் மறந்திருக்க இயலாது. இறந்தோரின் எண்ணிக்கையை நாளேடுகள் வெளியிடுகின்றன. பிழைத்தோரின் கைகள் பின்னர் என்ன ஆயின என்பது செய்தியாவதில்லை. மருந்து அடைப்பதும், திரி வைப்பதும், சரம் பின்னுவதும் இரு கைகளாலும் செய்யும் வேலைகள். எனவே தீ பற்றும்போது முதலில் அதன் எதிரே இருப்பவை கைகளே.

அண்மைக் காலமாக ஒரு கேள்வி எங்களிடம் வருகிறது. கைபேசியில் எங்கோ பார்த்த காணொளியைக் காட்டி, “கண்ணில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டால் போன கை திரும்பத் தெரிகிறதாமே, அது நம் ஊருக்கு வருமா?” என்று நோயாளரின் மக்களும் மருமக்களும் கேட்கின்றனர். மெய்நிகர் உலகில் ஒருவருக்கு அவருடைய கையைப் போன்றே மின்னணுக் கை ஒன்றை உருவாக்கித் தரும் முயற்சி பற்றிய கேள்வி அது. அதற்குரிய விடையைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம்.

மூளைக்குள் இருக்கும் கை

கனடாவைச் சேர்ந்த மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு 1930களில், விழிப்புநிலையில் இருந்த நோயாளரின் மூளைப் பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டி, எவ்விடத்தைத் தொட்டால் உடலின் எவ்வுறுப்பில் உணர்வு தோன்றுகிறது எனக் குறித்து வந்தார். அவ்வாறு கிடைத்த வரைபடத்தில் முதுகு முழுவதற்கும் சிறிதளவே இடம். கைக்கும் உதட்டுக்கும் மிகப் பெரிய இடம். உடலில் கை சிறியது. மூளைக்குள்ளோ அது பேருருவம் கொண்டது. முன்கையை அகற்றிய பின்னும் மூளையில் அதற்குரிய இடம் அழிந்துவிடுவதில்லை. அது தொடர்ந்து கட்டளையிடுகிறது, பதில் வருவதில்லை. விரல்கள் இறுக மூடி, நகங்கள் உள்ளங்கையில் பதிவதுபோல் வேதனைப்படுவோர் உண்டு. விரித்துவிட விரும்பினும், விரிப்பதற்குக் கை இல்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க எளியதொரு வழியைக் கண்டவர் தமிழ்நாட்டில் பிறந்த மருத்துவர் வி. எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1990களில் அவர் அமைத்த கருவி ஓர் அட்டைப் பெட்டியும் அதன் நடுவே நிறுத்திய முகம் பார்க்கும் கண்ணாடியும்தான். நலமான கையைக் கண்ணாடியின் முன்புறமும், கை இழந்த பக்கத்தைக் கண்ணாடியின் பின்புறமும் வைக்க வேண்டும். கண்ணாடியில் தெரியும் பிம்பம் இழந்த கை இருந்த இடத்தில் அமைகிறது. நலமான கையின் விரல்களை விரித்தால் இழந்த கையே விரிவதாகக் கண் காண்கிறது. நெடுநாள் விடை பெறாத மூளைக்கு விடை கிடைக்கிறது. முதன்முறை பார்த்தபோதே மூடிய மாயக்கை விரிந்ததாக அவருடைய நோயாளர் சிலர் உணர்ந்தனர்.

2007ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவ மருத்துவமனை ஒன்றில் காலிழந்த வீரர்களிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. நாள்தோறும் 15 நிமிடம் என 4 வாரங்கள் கண்ணாடி பார்த்துப் பயின்ற 6 பேருக்கும் வலி குறைந்தது. திரையிட்டு மூடிய கண்ணாடியின் முன் பயின்ற 6 பேரில் ஒருவருக்கே குறைந்தது. சிறிய சோதனைதான். பின்னர் வந்த ஆய்வுகள் அனைத்தும் இதே அளவு பயனைக் காட்டவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் மருந்தும் ஊசியும் இல்லாத, பக்கவிளைவு மிகக் குறைந்த வழி இது.

கண்ணாடி போதாத இடம்

கண்ணாடிக்கு ஒரு நிபந்தனை உண்டு: மறு கை நலமாக இருக்க வேண்டும். நம் பகுதியில் அதுவே இடர். இரு கைகளும் ஒருசேரக் கருகியோருக்குக் கண்ணாடி எதைக் காட்டும்? இங்கேதான் கணினி துணைக்கு வருகிறது.

இதற்கு வித்திட்டது ஒரு வேடிக்கையான சோதனை. 1998ஆம் ஆண்டில் போட்வினிக், கோகன் என்னும் இரு ஆய்வாளர்கள், மேசைமேல் ஒரு ரப்பர் கையைப் பார்வையில் படும்படி வைத்து, ஒருவரின் மெய்யான கையைத் தடுப்புக்குப் பின் மறைத்தனர். இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் தடவினர். சற்று நேரத்தில் அமர்ந்திருந்தவர் தூரிகையின் தொடுகையை ரப்பர் கையிலேயே உணரத் தொடங்கினார். தடவுவதில் நேரம் பிசகினாலோ மயக்கம் தளர்ந்துபோயிற்று. கண்ணும் தொடுகையும் ஒரே கணத்தில் ஒரே செய்தியைச் சொன்னால், ரப்பரையும் தன் உடலென ஏற்க மூளை ஆயத்தமாக இருக்கிறது. பத்தாண்டுகள் கழித்து மெல் ஸ்லேட்டர் குழுவினர், ரப்பர் கைக்கு மாற்றாகக் கணினி வரைந்த கையைக் காட்டியும் அதே மயக்கத்தை உண்டாக்க முடியும் என மெய்ப்பித்தனர்.

அப்படியானால் ஒருவருக்கு ‘அவருடைய’ மின்னணுக் கையை எவ்வாறு உருவாக்குகின்றனர்? முதலில் கையைப் பல கோணங்களிலிருந்து படம் பிடித்து அதன் முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கின்றனர். பிறகு அந்த வடிவத்தைப் பொதுவான ஒரு கை அச்சின்மேல் பொருத்துகின்றனர். தையற்காரர் ஆயத்த அளவு ஒன்றை வைத்துக்கொண்டு, உடுத்துபவரின் தோளுக்கும் இடைக்கும் ஏற்பப் பிடித்தும் விட்டும் தைப்பதைப் போன்றது இது. இத்துறையில் பரவலாகப் பயன்படும் அச்சுகளுள் ஒன்றின் பெயர் மானோ. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டது. 31 பேரின் கைகளைப் பல நிலைகளில் வைத்து எடுத்த ஏறத்தாழ 1000 முப்பரிமாணப் பதிவுகளிலிருந்து அது கற்றுக்கொண்டது. அதன்மேல் தோலின் நிறம், ரேகைகள், நகம், மச்சம், தழும்பு ஆகியவை போர்த்தப்படுகின்றன. உள்ளே எலும்புக்கூடு போன்ற ஒரு சட்டகம் வைக்கப்படுகிறது. மெய்க்கையில் 27 எலும்புகள்; மின்னணுக் கைக்கு அத்தனையும் தேவையில்லை, மூட்டுகள் சரியாக மடங்கினால் போதும். இறுதியில் தலையில் அணியும் கருவியின் கேமராக்கள் மெய்க்கையின் அசைவை நொடிதோறும் கவனித்து, மின்னணுக் கையை அதே போல அசைக்கின்றன. கை இல்லாதவர்க்கு மறு கையின் அசைவை இடம் மாற்றியோ, எஞ்சிய முன்கைத் தசையில் எழும் நுண்மின்னலைகளைப் படித்தோ அசைவு தரப்படுகிறது.

இந்தக் கடைசி வழிதான் எங்களுக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. ஸ்வீடன் நாட்டின் மேக்ஸ் ஓர்டிஸ் கட்டலான் குழுவினர் 2016ஆம் ஆண்டில், எந்தச் சிகிச்சைக்கும் மசியாத மாயக்கை வலியுடன் இருந்த 14 பேருக்கு இம்முறையில் 12 அமர்வுகள் அளித்தனர். எஞ்சிய தசையை இறுக்கினால் திரையில் தெரியும் மெய்நிகர்க் கை அதற்கேற்ப அசையும். பலருக்கு வலி கணிசமாகக் குறைந்தது. மறு கையின் துணையின்றி, இழந்த கையின் பக்கமே முயல்வது இதன் சிறப்பு.

எந்தக் கையைக் காட்டுவது?

கை எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்றே எவருக்கும் தோன்றும். அவ்வளவு எளிதன்று. ஜப்பானியப் பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970இலேயே செயற்கைக் கையை எடுத்துக்காட்டாகக் கூறி இதனை எச்சரித்தார். பார்வைக்கு மெய்க்கை போலிருந்து, குலுக்கும்போது சில்லென்றும் உயிரற்றும் இருக்கும் கை, மரக்கையைவிட அதிக அருவருப்பை உண்டாக்கும் என்றார். மெய்நிகர்க் கையிலும் அப்படியே. அழகாக வரைந்த கை அரை நொடி பிந்தி அசைந்தால் அது அயலாருடைய கையாகிவிடுகிறது. சுமாராக வரைந்த கை உடனுக்குடன் அசைந்தால் மனம் ஏற்றுக்கொள்கிறது.

ஆயினும் ‘என் கை’ என்பதற்குத் தனி மதிப்பு உண்டு. மெய்நிகர் உலகில் ஆணுடைய கையைக் காட்டியபோது பெண்கள் ஒட்டாமல் உணர்ந்ததை 2017இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். தம் சொந்தக் கையின் உருவத்தைக் கண்டோர் பொருள்களின் அளவைச் சரியாக மதிப்பிட்டதாக மற்றோர் ஆய்வு கூறுகிறது. வியப்பில்லை, சாண், விரற்கடை, கைப்பிடி எனக் கையைக் கொண்டே அளந்தவர்கள் நாம்.

நிறமும் அளவும் வலியையே மாற்றுகின்றன. மெய்நிகர்க் கையைச் சிவப்பாகக் காட்டியபோது, நலமானவர்களுக்கும் குறைந்த சூட்டிலேயே வலி தொடங்கியதை 2013இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் கண்டனர். தீராத கைவலி கொண்டோர் தம் கையைப் பெரிதாக்கிக் காட்டும் வில்லை வழியே பார்த்தபடி அசைத்தபோது வலியும் வீக்கமும் மிகுந்தன. சிறிதாக்கிக் காட்டியபோது தணிந்தன. இது 2008ஆம் ஆண்டில் லொரிமர் மோஸ்லி குழுவினர் கண்டது. தீக்காயம் ஆறிய புதிய தோல் நெடுநாள் சிவந்தும் தடித்தும் இருக்கும். அதை அப்படியே தத்ரூபமாகக் காட்டுவது நோயாளருக்கு நன்மையா, தீமையா?

எங்கள் கருத்து இது. கையை முற்றிலும் இழந்து மாயவலியால் வருந்துவோருக்கு விபத்துக்கு முந்தைய கையே காட்டத்தக்கது. மூளை தேடுவது அந்தக் கையைத்தான். கை எஞ்சியிருந்து தழும்பேறியவரின் நிலை வேறு. பழைய பழுதற்ற கையையே அவருக்கு நாள்தோறும் காட்டி வந்தால், கருவியைக் கழற்றியதும் மடியில் கிடக்கும் கையை அவர் இன்னும் வெறுக்கக்கூடும். அவருக்குத் தழும்பை முற்றிலும் மறைக்காமல், நிறத்தை மட்டும் சற்றுத் தணித்து, அசைவை மிகுத்துக் காட்டுவதே தகும் என எண்ணுகிறோம். எந்தக் கையைக் காண விரும்புகிறார் என்று அவரையே கேட்பது எல்லாவற்றிலும் முதன்மையானது.

கையை வெறுத்தல் என்பது அலங்காரச் சொல் அன்று. 1914இல் கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்திய மருத்துவர் பால் பிராண்டு, உணர்ச்சியற்ற கையைத் தம்முடையதென்றே கருதாத நோயாளர்களைக் கண்டார். வலி இல்லாததால் அந்தக் கை அயலானது. காயப்பட்டாலும் அவர்கள் பொருட்படுத்தவில்லை. தீக்காயத்தில் இது தலைகீழாக நிகழ்கிறது. வலி மிகுவதால், கோரமாகத் தோன்றுவதால், கையை முந்தானைக்குள் ஒளிக்கின்றனர். ஒளித்த கை அசைவதில்லை. அசையாத கை சில வாரங்களில் சுருங்கி இறுகுகிறது. கைக்குட்டையால் மூடியே பழகிய கைக்கு எந்த நாட்டுக் கருவியும் அசைவைத் திருப்பித் தர இயலாது.

வேறொரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கருவிகள் யாவும் ஐந்து விரலும் முழுதாய் உள்ள கைகளைக் கண்டு பயின்றவை. ஒட்டிப்போன விரல்களையும், பாதி எஞ்சிய கட்டைவிரலையும் காட்டினால் கருவி தடுமாறும். இல்லாத விரலை இருப்பதாக வரையும், அல்லது கையே இல்லை என்று கைவிடும். மருந்து அறையில் வேலை முடித்து வருவோரின் கையில் அலுமினியப் பொடி படிந்து வெள்ளிபோல் மின்னும். அத்தகைய கையை எந்த ஆய்வுக்கூடத்தில் பதிந்திருப்பார்கள்? யாருக்கு இக்கருவி மிகவும் தேவையோ அவர்களின் கைகள் கணக்கில் இல்லை. நம் நாட்டில் இதற்கான ஆற்றல் இல்லாமல் இல்லை. சென்னை ஐஐடியில் தொடுவுணர்வு, மெய்நிகர்த் தொழில்நுட்ப ஆய்வுகள் நடைபெறுகின்றன. வேலூர் மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐஐடியும் இணைந்து, விளையாட்டு வழியே கைக்குப் பயிற்சி தரும் புளூட்டோ என்னும் எந்திரத்தை உருவாக்கியுள்ளன. தழும்பேறிய கைகளையும் இவர்கள் தம் ஆய்வில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

விரல்நுனி கருகியோர் இதே புறக்கணிப்பை நியாயவிலைக் கடையிலும் எதிர்கொள்கின்றனர். கைரேகைக் கருவி அவர்களை அறிய மறுக்கிறது. கருவிழிப் பதிவாலும் முகப் பதிவாலும் ஆதாரைச் சரிபார்க்க வழி உண்டு என்பதை வீட்டார் நினைவில் கொள்க. கையைப் படம் பிடிக்கும் எந்த ஆய்வுக்கும் ஒப்புக்கொள்ளுமுன், ரேகையும் அதில் பதிவாகும் என்பதை அறிந்து, அப்படம் எங்கே வைக்கப்படும் என்று கேளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது

மெய்நிகர்க் கருவி நம் வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் காலம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கட்டுப் பிரித்துப் புண் கழுவும் வேளையில் கவனத்தைத் திருப்புவதற்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் பனிமலை உலகம் ஒன்றையே படைத்துள்ளனர்; அதில் நோயாளர் பனிமனிதர்கள்மேல் பனியுருண்டை எறிந்துகொண்டிருக்க, இங்கே கட்டு மாற்றப்படுகிறது. அதன் அடிப்படை எளியது: மனம் வேறிடத்தில் இருக்கும்போது வலிக்குக் கிடைக்கும் இடம் குறைகிறது. பிடித்த பாட்டும், பேரக்குழந்தையின் காணொளியும் ஓரளவு அதே பணியைச் செய்யும்.

ஒரு கை நலமாக உள்ளோர்க்குக் கண்ணாடிப் பெட்டி போதும். அச்சகமும் அட்டைப்பெட்டியும் மலிந்த ஊர் நம்முடையது. செலவு கண்ணாடிக்கு மட்டுமே. புண் ஆறிய பின், இயன்முறை மருத்துவர் ஒருமுறை செய்து காட்டிய பிறகே தொடங்குங்கள். கண்ணாடியின் விளிம்பில் துணி அல்லது ஒட்டுநாடா ஒட்டிக் கூர்மையை மறையுங்கள். நலமான கையிலுள்ள வளையல், மோதிரம், கடிகாரம், காப்புக் கயிறு அனைத்தையும் கழற்றிவிடுங்கள். மருதாணிகூட அந்நாள்களில் வேண்டாம். இழந்த கையில் இல்லாத ஒன்று பிம்பத்தில் தெரிந்தால் மனம் அதைத் தன் கையென ஏற்காது. மெதுவாக விரித்தல், மூடுதல், மணிக்கட்டைத் திருப்புதல், ஒரு துணியைப் பிடித்து விடுதல் என 10 முதல் 15 நிமிடம் வரை போதும். தலைசுற்றலோ அழுகையோ வலி மிகுதலோ ஏற்பட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். முதல் நாளில் அழுகை வருவது இயல்பு. அருகில் ஒருவர் இருங்கள், ஆனால் கூட்டம் கூட வேண்டாம்.

தழும்பேறிய கைக்கு, கொடுத்த தாங்கு பட்டையை இரவில் கழற்றாதீர்கள். மணிக்கட்டு சற்றே மேல்நோக்கியும், விரல்களின் அடிமூட்டு மடங்கியும், விரல்கள் நேராகவும் அது வைத்திருக்கும். அந்த நிலை பார்ப்பதற்கு விசித்திரமாக இருக்கும் என்பதற்காக மாமியாரோ அண்டை வீட்டாரோ நேராக்கிவிட வேண்டாம். அழுத்தக் கையுறையை, கழுவும் நேரமும் பயிற்சி நேரமும் தவிர நாள் முழுவதும் அணிய வேண்டும். தழும்பு முதிர ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். செயற்கைக் கை வேண்டுவோர் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டு எங்கள் சமூகப் பணியாளரைச் சந்திக்கலாம். சென்னை கே. கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் உள்ளது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைத் துறையில் 2018 பிப்ரவரியில், இரு கைகளையும் இழந்த இளைஞர் ஒருவருக்குக் கொடையாகப் பெற்ற கைகள் பொருத்தப்பட்டன. அது எல்லோர்க்கும் பொருந்தும் சிகிச்சையன்று. வாழ்நாள் முழுதும் மருந்து உட்கொள்ள வேண்டும். ஆயினும் அவ்வழியும் திறந்துள்ளது.

ஒரு சிறு வேண்டுகோள். செயற்கைக் கைக்கு நிறம் தேர்வதாயினும், நாளை மின்னணுக் கை உருவாக்குவதாயினும், முந்தைய கையின் தோற்றம் தேவைப்படும். இரு கைகளும் பாதிக்கப்பட்டவர்க்கு அது பழைய புகைப்படங்களில் மட்டுமே உள்ளது. திருமணப் படம், வளைகாப்புப் படம், குழந்தையைத் தூக்கி நிற்கும் படம் என விரல்கள் தெளிவாகத் தெரிபவற்றைத் தேடி எடுத்து வையுங்கள். அவற்றை நோயாளரிடம் அவர் கேட்கும்போது காட்டினால் போதும். அடுத்த முறை சிகிச்சைக்கு வரும்போது அவற்றை உறையிலிட்டு எடுத்து வாருங்கள். இயன்முறைப் பிரிவில் நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம்.